வேலை போயிடுச்சு, கிரீன் கார்டு நேர்காணல் வந்திருக்கு... இனி என்ன ஆகும்?

பத்து, பன்னிரண்டு வருடம் காத்திருந்த கடிதம் வருகிறது. கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு நேர்காணல். இந்தத் தேதியில், இந்த அலுவலகத்துக்கு வர வேண்டும். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்புதான் வேலை போயிருக்கிறது. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் ஐடி ஊழியர்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும், அமேசான் 18,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அலை அதோடு ஓயவில்லை. 2025 அக்டோபரில் அமேசான் மேலும் 14,000 அலுவலகப் பணியிடங்களை நீக்குவதாகச் சொன்னது.

இந்த அதிர்ச்சி சியாட்டிலோடும் டல்லாஸோடும் நின்றுவிடுவதில்லை. சென்னை, கோவையில் மட்டும் அல்ல, திருவண்ணாமலை மாதிரி கோயில் நகரங்களிலும் 'பையன் யுஎஸ்ல இருக்கான்' என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், அப்பாவின் மருத்துவச் செலவு என்று பலதும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஓடும். அங்கே வேலை போனால் இங்கே போனில் வரும் முதல் கேள்வி, "அப்ப கார்டும் போச்சாப்பா?" என்பதுதான்.

சுருக்கமான பதில்: வேலை போனதாலேயே கார்டு போகாது. ஆனால் யார், எந்த வழியில், எப்போது விண்ணப்பித்தார் என்பதைப் பொறுத்து பதில் மாறும். அதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதிகாரி பார்ப்பது எந்த வேலையை?

வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் இது. இப்போது பார்க்கும் வேலைக்காக அந்தக் கார்டு தரப்படுவதில்லை. கார்டு கிடைத்த பிறகு பார்க்கப் போகும் வேலைக்காகத் தரப்படுகிறது.

நடைமுறை மூன்று படிகளாக நடக்கும். முதலில், இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று நிறுவனம் தொழிலாளர் துறையிடம் நிரூபிக்கும். இதைத்தான் 'பெர்ம்' என்கிறார்கள். அடுத்து, 'இவரை நிரந்தரமாக வேலைக்கு எடுக்கப் போகிறோம்' என்று ஐ-140 மனுவைத் தாக்கல் செய்யும். கடைசியாக, வரிசையில் தன் முறை வரும்போது ஊழியர் ஐ-485 விண்ணப்பத்தைப் போடுவார். நேர்காணல் வருவது இந்த மூன்றாவது படியில்.

அதனால் அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது, 'கார்டு கொடுத்தால் இவர் போய்ச் சேர உண்மையான ஒரு வேலை காத்திருக்கிறதா?' என்பதை. நேர்காணல் நாளில் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் செல்லுபடியாகும் வேலை உத்தரவாதம் கையில் இருக்க வேண்டும். 'வேலை இல்லை' என்பதைச் சமாளிக்கலாம். 'வேலை தர ஆளே இல்லை' என்பதைச் சமாளிப்பது கடினம்.

இதில் விதிவிலக்கும் உண்டு. அசாதாரணத் திறமைக்கான இபி-1ஏ பிரிவிலோ, தேசிய நலன் விலக்கு என்ற என்ஐடபிள்யூ வழியிலோ தாங்களே மனு செய்தவர்களுக்கு நிறுவனத்தின் கடிதம் தேவையில்லை. தங்கள் துறையில் தொடர்ந்து வேலை செய்யப் போவதைக் காட்டினால் போதும்.

180 நாள் ஏன் அவ்வளவு முக்கியம்?

'சரி, ஐ-140 போட்ட நிறுவனம்தானே வீட்டுக்கு அனுப்பியது, அப்புறம் யார் உத்தரவாதம் தருவார்?' என்று கேட்கலாம். இதற்கான பதில் 2000-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. பில் கிளின்டன் அதிபராக இருந்தபோது, அந்த ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான அந்தச் சட்டத்தை ஏசி21 என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அதன்படி, ஐ-485 போட்டு 180 நாள் கடந்தும் முடிவு வராமல் இருந்தால், அதே மாதிரியான வேலையைத் தரும் வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பத்தை மாற்றிக்கொள்ளலாம். பெர்ம், ஐ-140 இரண்டையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. புது நிறுவனம் 'சப்ளிமென்ட் ஜே' என்ற படிவத்தில் வேலை உத்தரவாதத்தைக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இந்தப் படிவம் நடைமுறையில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை:

• புது வேலை முழுநேர, நிரந்தர வேலையாக இருக்க வேண்டும். ஆறு மாத கான்ட்ராக்ட் போதாது.

• பழைய வேலையும் புது வேலையும் ஒரே வகையில், அல்லது நெருங்கிய வகையில் வர வேண்டும். மென்பொருள் பொறியாளர் வேறு நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராகச் சேர்வதில் சிக்கல் இல்லை. அவரே உணவக மேலாளராகப் போனால் பொருந்தாது.

• சம்பளம் கொஞ்சம் முன்பின் இருப்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது. பெரிய வித்தியாசம் இருந்தால் கேள்வி வரும்.

• புது நிறுவனத்தில் உடனே சேர்ந்திருக்க வேண்டும் என்றில்லை. கார்டு வந்த பிறகு சேர்வதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த உத்தரவாதம் உண்மையானதாக இருக்க வேண்டும்.

• சொந்தத் தொழில் தொடங்கியும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அது பேருக்கு நடத்தும் தொழில் இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

180 நாள் முடிவதற்குள் வேலை போனால்? பழைய நிறுவனமே 'கார்டு வந்ததும் இவரை எடுத்துக்கொள்வோம்' என்று உறுதி தந்தால் விண்ணப்பம் உயிரோடு இருக்கும். ஆட்குறைப்பு செய்த நிறுவனம் அப்படி எழுதித் தருவது அபூர்வம். அந்த நிலையில் 180 நாள் முடியும்வரை முடிவு வராமல் இருந்தால்தான் புது நிறுவனத்துக்கு மாற்ற முடியும். ஆட்குறைப்பு 179-ம் நாளில் வந்ததா, 181-ம் நாளில் வந்ததா என்பதே ஒரு குடும்பத்தின் கதையை மாற்றிவிடும்.

60 நாள் கெடு இவருக்கும் பொருந்துமா?

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. 2017 ஜனவரி 17-ல் அமலுக்கு வந்த விதி அது. அதற்குள் விசா காலம் முடிந்தால் அவகாசமும் முடியும். பொதுவாக, கடைசியாகச் சம்பளம் தரப்பட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து கணக்கு தொடங்கும். வேலையை விட்டு அனுப்பும்போது மொத்தமாகத் தரும் தொகை இந்தக் கெடுவை நீட்டிக்காது.

ஐ-485 போட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர் நிலைமை வேறு. 60 நாள் முடிந்தாலும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அவர் அங்கே தங்கச் சட்டப்படி அனுமதி உண்டு. இஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டை இருந்தால் எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம். கார் ஓட்டியோ, கடையில் நின்றோ வீட்டுச் செலவைச் சமாளிக்கலாம். அது குற்றம் இல்லை. ஆனால் அந்த வேலையைக் காட்டி கிரீன் கார்டு வாங்க முடியாது. அதற்குத் தனியாக ஒரு சப்ளிமென்ட் ஜே வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு விண்ணப்பம் உயிரோடு இருக்கும்வரைதான். மறுக்கப்பட்டால், எச்-1பியும் கையில் இல்லாதவருக்குக் காலூன்ற இடம் இருக்காது. 2025 பிப்ரவரி 28 தேதியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு, இப்படி மறுக்கப்பட்டு, தங்குவதற்கு வேறு அந்தஸ்து இல்லாதவர்களைக் குடிவரவு நீதிமன்றத்துக்கு அனுப்பும் நோட்டீஸ் தருவதில் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் கடுமை காட்டுகிறது. இஏடி கையில் இருந்தும் பலர் எச்-1பியை விடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

நேர்காணல் அறையில் என்ன நடக்கும்?

வேலை அடிப்படையிலான விண்ணப்பதாரர்களுக்கு ஒரு காலத்தில் நேர்காணல் அபூர்வமாகவே இருந்தது. 2017 அக்டோபரில் டிரம்ப்பின் முதல் ஆட்சி அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. பிறகு அந்தப் பிடி தளர்ந்து, யாரை அழைப்பது என்பதை அதிகாரிகள் வழக்கைப் பார்த்துத் தீர்மானிக்கும் நிலை வந்தது.

அறைக்குள் போனதும் முதலில் உண்மை சொல்வதாக உறுதிமொழி. பிறகு ஐ-485 படிவத்தில் எழுதியதை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். எப்போது, எந்த விசாவில் வந்தீர்கள், எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள், இடையில் அனுமதியில்லாமல் வேலை செய்தீர்களா, வழக்கு ஏதாவது உண்டா என்று கேள்விகள் போகும். 'இப்போது எங்கே வேலை பார்க்கிறீர்கள்?' என்பது கட்டாயம் வரும்.

அதற்கு நேரான பதில்: 'இந்தத் தேதியில் ஆட்குறைப்பில் வேலை போனது. இந்த நிறுவனம் அதே வகை வேலை தருவதாக உறுதி தந்திருக்கிறது. இதோ சப்ளிமென்ட் ஜே.' இப்படிச் சொல்ல முடிந்தால் வேலையின்மை பற்றிய கேள்வி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

படிவம் கையில் இல்லையென்றால்? கூடுதல் ஆதாரம் கேட்டு அதிகாரி கடிதம் அனுப்பலாம். அதற்குப் பதில் தர அதிகபட்சம் 12 வாரம் வரை அவகாசம் கிடைக்கும். வேலை தேடுபவருக்கு அந்த 12 வாரம் பெரிய விஷயம். ஆனால் கடிதம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று அதிகாரிக்குக் கட்டாயம் இல்லை. நேரடியாக மறுக்கவும் அதிகாரம் உண்டு.

'போகாம விட்டுட்டா, வேலை கிடைச்சப்புறம் போலாமே?' என்று நினைப்பது ஆபத்து. தகுந்த காரணம் சொல்லி முன்கூட்டியே தேதி மாற்றக் கேட்கலாம். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்தால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதி மூடிவிடுவார்கள்.

'வேலையில இருக்கேன்'னு சொல்லிட்டா?

நெருக்கடியில் இருப்பவருக்கு இந்த யோசனை வராமல் இருக்காது. யோசனை சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். 'நம்ம கன்சல்டன்சி பேர்ல லெட்டர் தர்றோம், பே ஸ்டப் ஓட்டித் தர்றோம், பணம் மட்டும் நீங்க கட்டிடுங்க' என்பார்கள். தன் பணத்தைத் தானே கட்டி, சம்பளம் மாதிரி திருப்பி வாங்கும் ஏற்பாடு இது.

வேலை போனதை மறைக்காமல் சொன்னால், மோசமாகப் போனாலும் இந்த ஒரு விண்ணப்பம் மறுக்கப்படும். அடுத்த முறை முயற்சி செய்யலாம். பொய்யான ஆவணத்தைக் காட்டிப் பிடிபட்டால், மோசடி அல்லது தவறான தகவல் என்ற பிரிவில் அமெரிக்காவுக்குள் வரவே ஆயுள் முழுக்கத் தடை விழலாம். விலக்கு கிடைக்க வழி மிகக் குறைவு. வரிக் கணக்கு, சம்பளப் பதிவு, நிறுவனத்தின் மனுக்கள் எல்லாம் அரசிடம் இருக்கும் நாட்டில் இந்தப் பொய் நிற்காது. வேலையின்மை தற்காலிகம். மோசடி முத்திரை ஒட்டினால் ஒட்டியதுதான்.

வேலை போனதால் மாநில அரசிடம் வேலையின்மைக் காப்பீடு வாங்கியவர்கள், 'அரசுப் பணம் வாங்கினதுனால கார்டு கிடைக்காதோ' என்று பயப்படுவதும் உண்டு. ஒருவர் அரசுக்குப் பாரமாகிவிடுவாரா என்று பார்க்கும் விதிக்கு 'பப்ளிக் சார்ஜ்' என்று பெயர். 2022-ல் வந்த விதிப்படி, வேலையின்மைக் காப்பீடு இந்தக் கணக்கில் சேராது. அது உழைத்துச் சம்பாதித்த உரிமை என்று கருதப்படுகிறது. ஆனால் அந்த 2022 விதியையே நீக்கும் வரைவை 2025 நவம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்டது. நேர்காணலுக்குப் போகும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கல்யாணம் வழியாக வந்தவர்களுக்கு?

அமெரிக்கக் குடிமகனையோ, கிரீன் கார்டு வைத்திருப்பவரையோ திருமணம் செய்து விண்ணப்பிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. இங்கே விண்ணப்பதாரருக்கு வேலை இருக்கிறதா என்பது முதல் கேள்வி அல்ல. அவரைத் தாங்கப் போகும் ஸ்பான்சருக்கு வருமானம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஐ-864 என்ற உறுதிப் பத்திரம் இதற்காகத்தான்.

ஸ்பான்சரின் வருமானம் அமெரிக்க வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2025 அளவுகோலில் இரண்டு பேர் குடும்பத்துக்கு இது ஆண்டுக்கு 26,437 டாலர். வேலை போனது ஸ்பான்சருக்கு என்றால் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, இணை ஸ்பான்சர். அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ, கிரீன் கார்டு வைத்திருப்பவரோ கையெழுத்துப் போடலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் இது நம் ஊரில் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது மாதிரி, அதைவிடக் கனமானது. கார்டு வாங்கியவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை பொறுப்பு தொடரும். விவாகரத்து ஆனாலும் தீராது. நண்பனிடம் கேட்கும் முன் இதைச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் நியாயம்.

இரண்டாவது, சொத்து. 'திருவண்ணாமலைல நம்ம பேர்ல மனை இருக்கே, அதைக் காட்டலாமா?' என்று கேட்டால், காட்டலாம். விண்ணப்பதாரர் பெயரில் உள்ள சொத்தும் கணக்கில் வரும். நிபந்தனைகள்தான் கடினம். அதை ஒரு வருடத்துக்குள் விற்றுப் பணமாக்க முடிய வேண்டும். பணத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக முடிய வேண்டும். பொதுவாக, வருமானத்தில் குறையும் தொகையைப் போல ஐந்து மடங்கு மதிப்பு வேண்டும்; அமெரிக்கக் குடிமகனின் கணவன், மனைவிக்கு மூன்று மடங்கு போதும். பட்டா, வில்லங்கச் சான்று, மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் தேவைப்படும். அடமானம் இருந்தால் அந்தத் தொகை கழியும். அப்பா பெயரில் இருக்கும் வீட்டை 'எப்படியும் எனக்குத்தானே வரும்' என்று காட்ட முடியாது.

வேலை வழி விண்ணப்பத்துக்கு இந்த ஐ-864 பொதுவாகத் தேவையில்லை. மனு செய்த நிறுவனத்தில் நெருங்கிய உறவினருக்கு 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் மட்டும் கேட்பார்கள். அதனால் கணவரின் வேலை வழியில் துணை விண்ணப்பதாரராக இருக்கும் மனைவி வேலை பார்க்காமல் இருப்பது பிரச்சினையே இல்லை. கணவரின் விண்ணப்பம் நின்றால் அவருடையதும் நிற்கும். அது விழுந்தால் இதுவும் விழும்.

தீபத்துக்கு ஊருக்கு வந்துட்டுப் போகலாமா?

வேலை இல்லாத நாட்களில் மனசு ஊரைத் தேடும். கார்த்திகை தீபத்துக்கு வரலாம், 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து ஒரு வேண்டுதலை முடிக்கலாம், அப்பா அம்மாவோடு இரண்டு வாரம் இருக்கலாம் என்று தோன்றும். இங்கேதான் பலர் தெரியாமல் சறுக்குகிறார்கள்.

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, 'அட்வான்ஸ் பரோல்' என்ற பயண அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக அர்த்தம். எச்-1பியில் வேலையில் இருப்பவருக்கு இதில் விலக்கு உண்டு; அதே விசாவில், அதே வேலைக்குத் திரும்பி வரலாம். ஆனால் வேலை போனவருக்குத் திரும்பி வர எச்-1பி வேலை இல்லை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை 2027 வரை இருந்தாலும் அதை நம்பிக் கிளம்ப முடியாது. போன வருடம் சாதாரணமாக வந்துபோனவர், இந்த வருடம் அதே மாதிரி டிக்கெட் போட்டால் பத்து வருடக் காத்திருப்பைத் தன் கையாலேயே கலைத்துவிடக்கூடும்.

பெற்றோருக்கு உடல்நிலை மோசமானால் அவசர அட்வான்ஸ் பரோல் கேட்க வழி உண்டு. அதற்கு மருத்துவமனையிலிருந்து நோயாளி பெயர், நோய், தேதி தெளிவாக உள்ள கடிதம் வேண்டும். தமிழில் இருந்தால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். 'சீக்கிரம் கிளம்பி வாப்பா' என்று போன் செய்யும் வீட்டார், அதோடு இந்தக் கடிதத்தையும் வாங்கி அனுப்பினால் பெரிய உதவி.

ஊரிலிருந்து அனுப்ப வேண்டிய காகிதங்கள்

வேலைக் கேள்வியிலேயே கவனம் இருக்கும்போது, மறந்துபோவது பிறப்புச் சான்றிதழ். 1970 ஏப்ரலுக்கு முந்தைய பிறப்புகள் இந்தியாவில் பல பதிவாகாமல் போனவை என்பது அமெரிக்க அதிகாரிகளுக்குத் தெரியும். எண்பதுகளில் பிறந்தவரிடம் சான்றிதழை எதிர்பார்ப்பார்கள். திருவண்ணாமலை நகரத்தில் பிறந்திருந்தால் அன்றைய நகராட்சிப் பதிவேட்டில் தேட வேண்டும். 2024-ல் அது மாநகராட்சி ஆகிவிட்டது. பதிவே இல்லையென்றால், 'பதிவு இல்லை' என்ற சான்றையும், பிறந்தபோது விவரம் தெரிந்த பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரங்களையும் சேர்த்துத் தரலாம்.

பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. ஆண் குழந்தை, அப்பா பெயர், அம்மா பெயர் அவ்வளவுதான். பெயரைச் சேர்க்க வேண்டும். இனிஷியல் இன்னொரு தலைவலி. நமக்கு அது அப்பா பெயரின் முதல் எழுத்து. அமெரிக்கப் படிவத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி விரித்து எழுதியிருக்கும். அருணாசலம் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவோம். 'இந்த இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் முன்பே வாங்கி வைத்தால், அறையில் வேறு கேள்விக்கு நேரம் மிஞ்சும்.

ஏன் இந்த நிலை வருகிறது?

வேலை போவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். இந்தியர்களுக்கு அது இவ்வளவு பெரிய இடியாக விழக் காரணம் காத்திருப்பின் நீளம்.

1990-ம் ஆண்டுச் சட்டப்படி, வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். இதில் மனைவி, கணவர், குழந்தைகளும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. 2025 அக்டோபர் விசா புல்லட்டினில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 பிரிவில் 2013 ஏப்ரல் 1, இபி-3 பிரிவில் 2013 ஆகஸ்ட் 22 ஆகிய தேதிகளுக்கு முன் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. 2013-ல் எல்கேஜி சேர்ந்த குழந்தை 2025-ல் பிளஸ் 1 படிக்கும்.

கணக்கு பிறந்த நாட்டை வைத்துத்தான், குடியுரிமையை வைத்து அல்ல. கணவர் திருவண்ணாமலையில் பிறந்து, மனைவி இலங்கையிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால், மனைவி பிறந்த நாட்டின் வரிசையில் இருவரும் போகலாம். தமிழ்க் குடும்பங்கள் சில இதைக் கவனிக்காமலேயே இருந்துவிடுகின்றன.

2000-ம் ஆண்டுச் சட்டம் 180 நாள் சலுகையைக் கொண்டுவந்ததன் நோக்கம், காத்திருக்கும் ஊழியர் ஒரே முதலாளியிடம் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பது. ஆனால் அந்தச் சலுகை ஐ-485 போட முடிந்தவர்களுக்குத்தான். அதைப் போடவே பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்ற நிலையில், அதுவரை ஊழியர் அதே கயிற்றில்தான். 2007 ஜூலையிலும் 2020 அக்டோபரிலும் தேதிகள் திடீரென முன்னேறியபோது, தகுதியிருந்தவர்கள் அவசர அவசரமாக ஐ-485 போட்டது இதற்காகத்தான். கார்டு உடனே வராது என்று அவர்களுக்குத் தெரியும். வேலை போனால் தப்பிக்க ஒரு வாசல் வேண்டும்.

அந்த வாசலுக்கு வராமலேயே வேலை இழந்து ஊர் திரும்புபவரின் நிலை இன்னும் கடினமாகியிருக்கிறது. ஐ-140 அங்கீகாரம் பெற்று 180 நாள் கடந்திருந்தால், நிறுவனம் பின்னர் மனுவைத் திரும்பப் பெற்றாலும், மோசடி போன்ற காரணங்கள் இல்லாதவரை, வரிசையில் அவர் பிடித்த தேதி அவருடையதுதான். வருடங்கள் கழித்து வேறு நிறுவனம் மனு செய்தாலும் அதே தேதி உதவும். ஆனால் 2025 செப்டம்பர் 21-க்குப் பிறகு, செல்லுபடியாகும் விசா இல்லாமல் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புது எச்-1பி மனு போட நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று டிரம்ப் அரசு அறிவித்தது. 12 மாதத்துக்கு என்று வந்த அறிவிப்பு அது. வரிசையில் இடம் பத்திரமாக இருந்தாலும், வரிசைக்குத் திரும்பிப் போக வழி அடைபட்டிருக்கிறது. 'கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வேற வேலை பார்த்துப் போறேன்' என்று முன்பு சுலபமாகச் சொன்னதை இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை.

நேர்காணலுக்கு முன் செய்ய வேண்டியவை

• ஐ-485 போட்ட தேதியிலிருந்து எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். 180 கடந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

• அதே வகை வேலை தரும் நிறுவனத்திடம், சேரும் முன்பே சப்ளிமென்ட் ஜே தருவார்களா என்று கேளுங்கள். ஐ-140 மனுவில் உள்ள பணி விவரத்தின் நகலைப் பழைய நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

• ஆட்குறைப்புக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வரிக் கணக்குகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள்.

• இஏடி, அட்வான்ஸ் பரோல் காலாவதித் தேதிகளைப் பாருங்கள். காலாவதியான இஏடியில் வேலை செய்வது புதுச் சிக்கலைக் கொண்டுவரும்.

• அட்வான்ஸ் பரோல் கையில் இல்லாமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

• வீட்டாரிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழும் உறுதிமொழிப் பத்திரமும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

இது பொதுவான விளக்கம். ஒரே நாளில் வேலை இழந்த இரண்டு பேருக்கு, விண்ணப்பித்த தேதியும் பிரிவும் வேறு என்பதால் முடிவும் வேறாக வரலாம். நேர்காணல் கடிதம் கைக்கு வந்ததும், உங்கள் கோப்பை அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. வேலை இல்லாத மாதத்தில் அந்தக் கட்டணம் பாரமாகத்தான் இருக்கும். ஆனாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.